எண்பது சதவீதம்

என் கடையில் பயோடேட்டா அடித்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. மீதிப் பேருக்குக் கிடைக்காமல் போனது அவரவர் தலையெழுத்து என்று சொல்லிக்கொள்வேன். போர்டில் ஜெராக்ஸ், பிரின்ட், லேமினேஷன் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பயோடேட்டாதான். வண்டி ஓட்டினவரைச் 'சரக்குப் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர்' ஆக்கியிருக்கிறேன். போனை எடுத்து ஹலோ சொன்னவளை 'வாடிக்கையாளர் உறவு மேலாளர்' ஆக்கியிருக்கிறேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்றால், நாலு பொய் சொல்லி ஒரு வேலை வாங்கித் தரக்கூடாதா என்று கேட்பேன். கேட்டது இந்த வாய்தான்.

கடைக்கு மேல்வீட்டில் புருஷன், பெண்டாட்டி, எட்டு வயதில் ஒரு பெண். அவர் மூன்று தெரு தள்ளி இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ரூம் ஆபரேட்டர். மீனும் இறைச்சியும் மலை மலையாக அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு அது. தெருவில் அவருக்கு ஐஸ்காரர் என்று பேர். அவளை நான் மேல்வீட்டுக்காரி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படித்து ஒரு வருஷம் வேலை பார்த்தவள். குழந்தை உண்டானபோது விட்டது, ஒன்பது வருஷமாகிவிட்டது. சமீபத்தில் இணையத்தில் ஆறு மாதம் டேட்டா படிப்பு ஒன்று படித்து முடித்தாள். அந்தச் சான்றிதழை நான்தான் லேமினேஷன் பண்ணிக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு கம்பெனிகளுக்குப் போட்டாள். ஒரு கம்பெனிகூட ஏன் என்று கேட்கவில்லை.

வேலை அவளுக்கு ஆசைக்காக இல்லை. ஐஸ்காரருக்கு இருமல் பிடித்து ஒரு வருஷமாகிறது. கிடங்கைக் குளிர வைக்கிற அமோனியா அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. கேஸ் இல்லாத இடத்துக்குப் போங்கள், மருந்தெல்லாம் அப்புறம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஒரு வேலையில் உட்கார்ந்தால்தான் அவர் கிடங்கிலிருந்து எழுந்திருக்க முடியும்.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை. கடையில் ஈ காக்கை இல்லை. மேல்வீட்டு இரண்டு பேரும் எங்கோ போய்விட்டு ஒரே குடையில் அரை நனையலாக வந்தார்கள். நான் மூன்று டீ சொன்னேன்.

"அக்கா, இந்த ஒன்பது வருஷத்த என்ன பண்றது?" என்றாள்.

"பிள்ளை வளர்த்தேன்னு எழுது."

"எழுதிப் பாத்துட்டேன். பயோடேட்டாவ மெஷின்தான் முதல்ல படிக்குதாம். அதுக்கு ஏது பிள்ளகுட்டி?"

"அப்ப வீட்ல சும்மாவே இருந்தியா?"

"சும்மாவா?" என்று ஐஸ்காரர் குறுக்கே வந்தார். "என் மாசாந்திர ரிப்போர்ட் பூரா இவதான் போடறா. எந்த சென்சார்ல எத்தன மணிக்கு எவ்வளவு அளவு, சைரன் எத்தன தரம் அடிச்சுது, எல்லாம் லாக் புக்குல இருந்து பாத்து பாத்து ஏத்துவா. கலர் கலரா கோடு வேற போடுவா. எங்க மேனேஜர் என்னை ஏதோ பெரிய படிப்பாளின்னு நினைச்சுட்டிருக்கார்."

"அட, இதத்தானே நான் கேட்டுட்டிருக்கேன்! இத வச்சுட்டா வெறும் கையோட அலையற?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குளிர்பதனக் கிடங்கு, பாதுகாப்புத் தரவு ஆய்வாளர், ஒப்பந்த முறையில் என்று அடித்தேன். பாதி நிஜம் என்பதால் கை கூசவில்லை. "ஒவ்வொரு வரியிலயும் ஒரு நம்பர் வேணும். நம்பர் இல்லாத வரிய இப்பல்லாம் யாரும் படிக்கறதில்ல. எதையாவது கூட்டினியா, குறைச்சியா?"

"சைரன் குறைஞ்சிருக்கு" என்றார் ஐஸ்காரர், சிரித்துக்கொண்டே.

"ஏங்க," என்று அவள் அவர் தொடையில் தட்டினாள்.

"சொல்லட்டும், இரு. எப்படிக் குறைஞ்சுது?"

"கம்ப்ரசர் எண்ணெய் இருக்கில்ல, அது அமோனியாவோட சுத்திச் சுத்திப் போய் ஒரு பெரிய பானை அடியில தங்கிடும். வாரத்துக்கு ரெண்டு மூணு தரம் வால்வத் தொறந்து இறக்கணும். இறக்கறப்ப கூடவே கொஞ்சம் கேஸ் வரும், வராம இருக்காது. நேர் மேல நாலாம் நம்பர் சென்சார். மோப்பம் பிடிச்ச உடனே சைரன் அலறும். அது அலறினா பக்கத்து ஹால்ல பேக்கிங் பண்ற எழுபது பேரும் வெளிய ஓடணும். எண்ணிப் பாத்துத் திரும்ப உள்ள விட முக்கால் மணி நேரம். மேனேஜர் எங்க மேல பாய்வார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாலாம் நம்பருக்குத் தலையில பழைய பனியனச் சுத்தி, மேல ஒரு பிளாஸ்டிக் பையப் போட்டு இறுக்கிக் கட்டிட்டோம். பல்வலிக்காரன் மாதிரி உம்முன்னு உக்காந்திருக்கு. மாசம் பத்து தடவ அலறினது இப்ப ரெண்டு தடவதான்." சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. டீயை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

"விபரீதமாயிடாதா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"ஷிஃப்டுக்கு மூணு பேர் இருக்கோம். மூணு மூக்கு. சென்சாருக்கு முன்னாடி எங்களுக்குத் தெரிஞ்சுடும்."

எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. பத்து இரண்டாகியிருக்கிறது, நூற்றுக்கு எண்பது. 'தவறான எச்சரிக்கை ஒலிகளை ஆய்வு செய்து எண்பது சதவீதம் குறைத்தவர்' என்று தடித்த எழுத்தில் அடித்தேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அது துணி கட்டினது."

"துணின்னு எங்க எழுதியிருக்கு? குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது."

"ரிப்போர்ட் போட்டது யாரு?"

"நான்தான்."

"பின்ன என்ன? கண்ண மூடிட்டு அனுப்பு."

அனுப்பினாள். நாலாம் நாள் கூப்பிட்டார்கள். தொழிற்சாலைகளில் இருக்கும் சென்சார்களைத் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரில் கண்காணிக்கிற கம்பெனி. இன்டர்வியூவில் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, ஒன்பது வருஷத்தைப் பற்றியும் இல்லை. மேனேஜர் அந்த ஒரு வரியில் மட்டும் விரலை வைத்து, எப்படி என்று கேட்டாராம். "சென்சார் இருக்கற சூழல மாத்தினோம்னு சொன்னேன் அக்கா. சிரிச்சார். அவர் எப்பவும் சிரிச்சுட்டேதான் இருக்கார்." அன்றிலிருந்து அவருக்குச் சிரிப்பு மேனேஜர் என்று பேர் வைத்துவிட்டோம். வேலை கிடைத்த அன்று அவள் வாங்கி வந்த கேக்கில் பெரிய துண்டு எனக்குத்தான். ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாகும், அன்றைக்கே இவர் ராஜினாமா என்று அவர்கள் பெண் நாள்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டு வைத்தாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஐந்தாவது மாதம் அவள் கடைப் பக்கம் வருவது நின்றது. படியிறங்கும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டனுப்பினாள். மேலே போனேன். ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு செய்திருந்தாள். பெண்ணைச் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தும் காற்றில்லை. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"எங்க கம்பெனிக்கு இவங்க கிடங்கு வேலை வந்திருக்கு அக்கா."

"நல்லதாப் போச்சு. புருஷனுக்கு மேல நீ அதிகாரி."

அவள் சிரிக்கவில்லை. "இனிமே கேஸ் வந்த உடனே சைரன் அடிக்காது. சென்சார் சொல்றது எங்க ஆபீசுக்கு வரும். எங்க புரோகிராம் அதப் பாத்து, நிஜமா பொய்யான்னு முடிவு பண்ணிட்டுத்தான் அடிக்கும். அந்தப் பொய்யக் கண்டுபிடிக்கற பகுதிய என்னைத்தான் எழுதச் சொன்னாங்க. எண்பது சதவீதம் குறைச்சவளாச்சே."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். அதுக்குள்ள எல்லாம் புரிஞ்சு போச்சு. பழைய கணக்கப் பாத்துத்தான் அது கத்துக்குது, எந்த சென்சார்ல எது வழக்கமான அளவுன்னு. நாலாம் நம்பர்ல ஒன்றரை வருஷமா இருக்கறது துணிக்கு உள்ள இருந்து வந்த அளவு. அதத்தான் அது வழக்கம்னு நினைச்சுட்டிருக்கு. திடீர்னு ஏறினா, கேஸ்னு நினைக்காது. சென்சார் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுப் பத்து நிமிஷம் பொறுத்துப் பாக்கும்."

"அவ்வளவுதானே, நாளைக்கே துணிய அவுத்துடறேன்" என்றார் ஐஸ்காரர்.

"அவுத்தா ஏறும். ஏறினா அது நம்பாது. அதத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"நாங்க மூணு பேர் இருக்கோம்ல, எதுக்குப் பயப்படற?"

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "மூணு பேர் இல்ல. புது சிஸ்டம் வந்தா ஷிஃப்டுக்கு ஒருத்தர் போதும்னு உங்க மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டார். அந்தக் காகிதம் எங்க ஆபீஸ்ல இருக்கு."

அது அவருக்குத் தெரியாது. மென்றுகொண்டிருந்ததை விழுங்க மறந்து அவளையே பார்த்தார். பதினாலு வருஷம் அந்த ரூமில் நின்றவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"உங்க சிரிப்பு மேனேஜர்கிட்ட உள்ளதச் சொல்லிடேன்" என்றேன் அவளிடம்.

"சொன்னா துணி கட்டினது யாருன்னு கேப்பாங்க. அப்புறம் என் பயோடேட்டாவ எடுத்துப் பாப்பாங்க. ரெண்டு பேர் வேலையும் ஒரே நாள்ல போகும். இவர் இந்த நெஞ்ச வச்சுட்டு வேற எந்தக் கிடங்குல போய் நிப்பார்? சொல்லாம விட்டா எழுபது பேர் இருக்காங்க. இவர் தனியா இருக்கார்."

இந்த விரலால் அடித்த வரி அது. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஆபீஸ் பையோடு நேராகக் கடைக்குள் வந்தாள். நான் ஒருவருக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் போகிற வரைக்கும் சுவரைப் பார்த்து நின்றாள்.

"சொல்லிட்டேன் அக்கா. துணி, பயோடேட்டா, எல்லாம்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். 'எண்பதுன்னு ஒருத்தர் எழுதினா எங்கயாவது ஒரு துணி இருக்கும்னு தெரியாமலா உன்னை எடுத்தோம்? கிடங்குக்காரங்களுக்கு சைரன் அடிக்கக்கூடாது, அதுக்குத்தான் நம்மகிட்ட வந்திருக்காங்க. இன்னும் ஒன்பது கிடங்கு வரிசையில நிக்குது'ன்னார்."

"அடப்பாவி."

"நான் புரோகிராம்ல இருந்து அந்தப் பத்து நிமிஷத்த எடுத்துட்டேன். அவர் எதிர்லயே உக்காந்து எடுத்தேன். திட்டுவார்னு பாத்தேன். 'சரிம்மா, ரொம்பக் களைச்சுப் போயிருக்க, திங்கக்கிழமை லீவு எடுத்துக்கோ'ன்னார். திங்கக்கிழமைதான் சிஸ்டம் ஆரம்பிக்குது."

அவர் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கறிக்கடைக்காரர் ஆட்டைத் தடவிக் கொடுக்கிறமாதிரி இருந்தது அந்த லீவு.

அந்த இரண்டு நாளில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு பண்ணிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே இருவரும் கடைக்கு வந்தார்கள்.

"பத்து மணிக்கு எண்ணெய் இறக்கணும்," என்றார் ஐஸ்காரர். "துணிய அவுத்துட்டுத்தான் இறக்கப் போறேன். சைரன் அடிக்கும், எல்லாரும் வெளிய வருவாங்க, ஏன்னு கேப்பாங்க. அப்புறம் யாராலயும் மூடி மறைக்க முடியாது. நீங்க தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு கடிதம் அடிச்சு வைங்க அக்கா. கட்டினது நான். முதல் கையெழுத்து என்னோடது."

"வேலை போயிடுமே."

"போகட்டும். எப்படியும் நெஞ்சு போயிட்டிருக்கு."

"மாஸ்க் போட்டுக்கோங்க" என்றாள் அவள்.

"போட்டுக்கறேன். ஒன்னுதான் இருக்கு, அதுவும் எனக்குத்தானே. தனிக்காட்டு ராஜா." அவள் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தாரா என்று எனக்கு நினைவில்லை.

நாங்கள் கடிதத்தில் உட்கார்ந்தோம். வெயில் ஏறிவிட்டது. எதிர்வீட்டுக் கொடியில் போட்டிருந்த துணி ஒன்றுகூட அசையவில்லை. பழக்க தோஷத்தில் 'நாலாம் எண் உணர்கருவியில் சில நடைமுறைக் குறைபாடுகள்' என்று ஆரம்பித்தேன்.

"துணின்னு எழுதுங்க அக்கா" என்றாள்.

அழித்துவிட்டுத் துணி என்று எழுதினேன். பனியன், பிளாஸ்டிக் பை, எந்த மாதம் கட்டியது, பயோடேட்டாவில் அதை எப்படி எழுதினோம் என்று அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். இதுவரை நான் அடித்ததிலேயே அலங்காரமில்லாத காகிதம் அதுதான். 'எழுதியவர்' என்ற இடத்தில் என் பேரையும் போட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பத்தடித்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தெருப் பக்கம் காதைத் திருப்பினோம். பால் வண்டி ஒன்று போனது. பத்து மூன்று. பத்து ஐந்து.

"நேரமாயிருக்கும். யாராவது பேச்சுக் குடுத்திருப்பாங்க" என்றேன்.

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். ஆபீஸ் பக்கத்துக்குள் போனாள். கிடங்கின் படமும் அதில் சென்சார்களும் வரிசையாக வந்தன, எல்லாம் பச்சை. நாலாம் நம்பர் மட்டும் மஞ்சள்.

"ஏறியிருக்கு அக்கா. பத்து மணி நாலு நிமிஷத்துக்கே ஏறியிருக்கு. வழக்கத்த விடப் பதினஞ்சு மடங்கு." அவள் குரல் தேய்ந்துவிட்டது. "ஏன் அடிக்கல? நான்தான் எடுத்துட்டேனே."

மஞ்சள் புள்ளியின் மேல் வைத்து அழுத்தினாள். 'சென்சார் கோளாறாக இருக்கலாம். பொறுத்துப் பார்க்கப்படுகிறது' என்று வந்தது. கீழே நிமிஷக் கணக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே, கடைசியாக மாற்றப்பட்டது சனிக்கிழமை என்றும், மாற்றியவர் யார் என்றும் இருந்தது. அவள் பேர் இருந்தது.

"சனிக்கிழமை நான் ஆபீஸ் போகல அக்கா. நீங்க பாத்தீங்கல்ல, நான் இங்கதான் இருந்தேன்."

"நிறுத்து அத, நிறுத்தி சைரன அடிக்க வை!"

"முடியல. பாக்க மட்டும்தான் விட்டிருக்காங்க."

ஐஸ்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிடங்கு ஆபீசுக்குப் போட்டாள், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு மேனேஜருக்குப் போட்டாள். மீட்டிங்கில் இருக்கிறார், பிறகு கூப்பிடச் சொல்கிறோம் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்.

அப்போதுதான் தெருவில் அவர்கள் வந்தார்கள். வெள்ளைத் தொப்பி, ரப்பர் பூட்ஸ், ஏப்ரனை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு பேக்கிங் பெண்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட மூச்சு இருந்திருக்காது. ஒருத்தி என் கடைப் படியில் உட்கார்ந்து கண்ணைக் காட்டித் தண்ணீர் கேட்டாள். சொம்போடு அவள் முகத்தில் ஊற்றினேன்.

"சைரன் அடிக்கல," என்றாள் இருமிக்கொண்டே. "கண்ணு எரிஞ்சப்பறம்தான் தெரிஞ்சுது. வால்வு மூட மாட்டேங்குதாம். ஐஸ்காரர்தான் வந்து கதவத் தட்டி ஓடுங்க ஓடுங்கன்னு தள்ளினார்."

"அவர் எங்க?" என்று மேல்வீட்டுக்காரி அவள் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"உள்ளதான். ஃப்ரீசர் ரூம்ல எங்க பொண்ணு ஒருத்தி மயங்கிக் கிடந்தா. மாஸ்க்கக் கழட்டி அவளுக்குப் போட்டு வெளிய தூக்கிட்டு வந்து விட்டார். அப்புறம் மெயின் வால்வ மூடறேன்னு திரும்பப் போனார்."

மேல்வீட்டுக்காரி ஓடினாள். தெரு முழுக்க அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஜனம் வந்துகொண்டிருந்தது, அவள் ஒருத்தி எதிர்த்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள், உதறிவிட்டாள். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்றேன். அது எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

மூன்றாவது தெருவிலிருந்து சைரன் அடிக்கத் தொடங்கியது. பத்து நிமிஷம் முடிந்திருந்தது. பேக்கிங்காரர்கள் எழுபது பேரும் நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்த்தார்கள். கிடங்குக்குள் அதைக் கேட்டு வெளியே ஓடிவர அவர் ஒருவர்தான் மிச்சம்.